பாவமா, குற்றமா? ஆலங்குடாவில் ஒரு சின்ன ஜனாஸாவுக்குப் பிறகு

போன வருஷம் எங்கட ஊர் மையவாடியில் ஒரு சின்னக் குழி வெட்டினார்கள். பிறந்து நாற்பது நிமிஷம் மட்டும் உயிரோடு இருந்த பிள்ளைக்கு. பெயர் வைத்து, தொழுவித்து, அடக்கிவிட்டு வந்த ஆண்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்துகொண்டு, "பச்சப் புள்ள, சொர்க்கத்துப் பறவ. உம்மா வாப்பாவுக்கு அது சிபாரிசு செய்யும்" என்று ஆறுதல் சொன்னார்கள். அது நல்ல ஆறுதல்தான். அதை நாங்க குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் உள்வீட்டில் இருந்த பெண்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை பிழைக்காது என்று டொக்டர் பதினைந்து கிழமைக்கு முன்பே சொல்லிவிட்டார். அந்தப் பதினைந்து கிழமையும் ராத்தா வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்திருக்கிறா. கடையில் நின்ற மாமிமார், "எப்ப தேதி? ஆம்புளப் புள்ளயா பொம்புளப் புள்ளயா?" என்று சிரித்துக் கேட்டிருக்கிறார்கள். அவவும் சிரித்திருக்கிறா.

ராத்தா எங்கட குழுவில் ஒருத்தியின் மாமி மகள். அவவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். எழுதியதை வாசித்துக் காட்டினோம். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னா, மாற்றினோம். அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டோம்.

நடந்தது இதுதான். கிளினிக்கில் நேரத்துக்குப் பதிந்திருந்தா. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கும் வந்து போனா. ஆனால் ஸ்கேன் எடுக்கப் புத்தளம் டவுனுக்குப் போகவேண்டும், கூட ஒரு ஆள் வரவேண்டும், காசு வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் இருபத்து நாலாவது கிழமையில்தான் போனார்கள். பிள்ளையின் மண்டையோடு வளரவில்லை, மூளையும் சரியாக உருவாகவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. இப்படிப்பட்ட பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மௌத்தாகலாம், இல்லாவிட்டால் பிறந்து சில மணித்தியாலம் இருக்கலாம். அதற்கு மேல் மருத்துவத்தில் வழி இல்லை. "அப்ப என்ன செய்யலாம்?" என்று மச்சான் கேட்டிருக்கிறார். "சட்டத்துல ஒன்டுக்கும் இடமில்ல. காத்திருக்கத்தான் வேணும்" என்று பதில் வந்திருக்கிறது. அந்த டொக்டரில் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சட்டத்தில் இருந்ததைச் சொன்னார்.

ஜனாஸாவுக்குப் பிறகு எங்கட குழுவில் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. நாங்க ஏழு பேர். ஆலங்குடா, நுரைச்சோலை, தலவில, கல்பிட்டி பக்கம். கலைப்பீடத்தில் படிக்கிறோம், லீவுக்கு ஊருக்கு வந்தால் பின்னேரத்தில் கடற்கரையில் கூடுவோம். முஸ்லிம், கத்தோலிக்கர், இந்து எல்லாரும் இருக்கிறோம். கருக்கலைப்பைப் பற்றி எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்காமல்தான் இதை எழுதுகிறோம்.

ஊரில் கேட்ட குரல்கள்

முதலில் கேட்கத்தான் போனோம்.

உம்மும்மா ஒருவர். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியவ. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் ஒரு பிள்ளையை இழந்தவ. "வயித்துல இருக்கிறது அல்லாஹ்ட அமானத்து. அத நாம தொடக்கூடா" என்றா. பிள்ளையை இழந்த ஒருத்தி சொல்கிற சொல் அது.

ஒரு மௌலவியிடம் கேட்டோம். அவர் எங்களைத் திட்டுவார் என்று நினைத்தோம், திட்டவில்லை. "மார்க்கத்துல இது கறுப்பு வெள்ள விஷயமில்ல தம்பி. ஆனா இத லேசாக் கதைக்கிற ஆக்கள நான் நம்புறதில்ல" என்றார்.

தலவிலப் பக்கத்து எங்கட தோழியின் அம்மா அன்னம்மாள் கோயிலுக்குப் பிள்ளைவரம் கேட்டுப் போய், பன்னிரண்டு வருஷம் கழித்து இவளைப் பெற்றவ. "நீ உருவான முதல் நாளே நீதான். பிறகெண்டு ஒரு நாள் இல்ல" என்று மகளிடம் சொன்னாவாம். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் அதுதான். கருவுற்ற கணத்திலிருந்தே அது ஒரு மனித உயிர்.

தேத்தண்ணிக் கடையில் ஒரு நானா சொன்னார்: "சட்டத்தத் தொறந்து விட்டா, பொடியன் பெட்டையெல்லாம் கெட்டுப் போகும்." பக்கத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப மட்டும் நடக்கல்லயா? காசிருக்கிறவன் செஞ்சிட்டு உம்ராவுக்கும் போய் வாறான்" என்றார். கடை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

கம்பஸில் கேட்டால் வேறு குரல். "என் உடல், என் முடிவு. இதுக்குள்ள மௌலவிக்கும் பாதருக்கும் அரசாங்கத்துக்கும் என்ன வேலை?" எங்கட குழுவிலும் இரண்டு பேருக்கு இதுதான் கருத்து.

இத்தனை குரலையும் கேட்டபிறகு எங்களுக்கு ஒன்று உறைத்தது. எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று, இது பாவமா? மற்றது, இதைச் செய்த பெண்ணை மறியலில் போட வேண்டுமா? முதல் கேள்விக்கு "ஓம்" என்று சொல்கிறவர் இரண்டாவதற்கும் "ஓம்" சொல்லித்தான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

1883இல் எழுதிய சட்டம்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி, பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டால் தவிர, கருக்கலைப்பு குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரியத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருஷம் வரை சிறை. தனக்குத்தானே செய்துகொள்கிற பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவா என்று சட்டத்திலேயே விளக்கம் எழுதியிருக்கிறது.

உயிருக்கு ஆபத்து என்ற ஒரே ஒரு விதிவிலக்குத்தான். பாலியல் வன்முறையால் கரு உண்டானாலும் இல்லை. பதின்மூன்று வயசுப் பிள்ளை சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே கெடுக்கப்பட்டாலும் இல்லை. பிறந்தாலும் பிழைக்காது என்று மூன்று டொக்டர் சேர்ந்து எழுதிக் கொடுத்தாலும் இல்லை.

"இது எங்கட கலாசாரம்" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தச் சட்டம் விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் கலாசாரம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அதைத் தந்த பிரித்தானியா 1967இலேயே தன்னுடைய சட்டத்தை மாற்றிவிட்டது. இந்தியா 1971இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு அங்கே சில வகைப் பெண்களுக்கு 24 கிழமை வரை இடமுண்டு. சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் கிழமைக் கணக்கே தடையாக இருக்காது. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில் ராத்தா இருந்திருந்தால், இருபத்து நாலாவது கிழமையிலும் அவவிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். நடுவில் ஒரு கடல்தான்.

இலங்கையில் மாற்ற முயற்சியே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது பாலியல் வன்முறை, தகாத உறவு, சிசுவின் கடுமையான குறைபாடு ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாசகமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் கழற்றிவிட்டு மற்றத் திருத்தங்களை நிறைவேற்றினார்கள். 2017இல் திரும்பவும் ஒரு வரைவு அமைச்சரவை வரைக்கும் போனது. அதில் இருந்தது இரண்டு காரணம் மட்டும்: வன்புணர்வால் உண்டான கரு, பிறந்தாலும் உயிர்வாழ முடியாத குறைபாடு. கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். முஸ்லிம் தரப்பிலும் எதிர்ப்பு இருந்தது. அந்த வரைவு சட்டமாகவே இல்லை.

ராத்தாவுடைய நிலைமை அந்த இரண்டாவது காரணத்துக்குள் அப்படியே வந்திருக்கும்.

மார்க்கம் உண்மையில் என்ன சொல்கிறது

எங்கட ஊரில் இந்தப் பேச்சு ஹராம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிறது. அதனால் கொஞ்சம் தேடி வாசித்தோம். நாங்க ஆலிம்கள் இல்லை, பத்வா சொல்லவும் வரவில்லை. இருக்கிற கருத்துகளைச் சொல்கிறோம்.

120 நாளில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது அறிஞர்கள் பலரும் ஹதீஸை வைத்துச் சொல்கிற கணக்கு. அதற்குப் பிறகு உம்மாவின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கலைக்கக்கூடாது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முந்திய காலத்தைப் பற்றித்தான் வேறுபாடு. மாலிக்கி மத்ஹபில் பெரும்பாலானவர்கள் தொடக்கத்திலிருந்தே கூடாது என்கிறார்கள். ஹனஃபி அறிஞர்களில் பலர் தகுந்த காரணம் இருந்தால் இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கட ஷாஃபிஈ மத்ஹபுக்குள்ளேயே இரண்டு பக்கமும் உண்டு. இமாம் கஸ்ஸாலி ஆரம்பத்திலிருந்தே தவறு என்று எழுதியவர். ஆனால் கரு வளர வளரத்தான் அந்தத் தவறின் கனமும் கூடுகிறது என்று அவரே படிப்படியாகப் பிரித்தும் சொல்கிறார்.

மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் சபை 1990இல் ஒரு தீர்மானம் எடுத்தது. சிசுவுக்குச் சிகிச்சையில்லாத கடுமையான குறைபாடு இருப்பதை நம்பகமான மருத்துவ நிபுணர்கள் குழு உறுதிசெய்தால், பெற்றோர் கேட்டுக்கொண்டால், 120 நாளுக்குள் கலைக்கலாம் என்று. சபை கூடியது மக்காவில், மேல்நாட்டு ஊர் ஒன்றில் இல்லை. துனீசியாவில் 1973இலிருந்தும் துருக்கியில் 1983இலிருந்தும் ஆரம்பக் கிழமைகளில் கருக்கலைப்பு சட்டப்படி நடக்கிறது. அவர்கள் செய்தது சரியா பிழையா என்பது வேறு. முஸ்லிம் நாடு என்றால் ஒரே ஒரு சட்டம்தான் இருக்க முடியும் என்பது உண்மையில்லை.

இந்த 120 நாள் கணக்கை ராத்தாவின் கதையோடு வைத்துப் பார்த்தோம். டொக்டர்கள் கடைசி மாதவிடாய் வந்த நாளிலிருந்து கிழமை எண்ணுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 120 நாள் என்பது ஏறக்குறைய பத்தொன்பதாவது கிழமை. மண்டையோடு வளராத குறைபாட்டைப் பன்னிரண்டு, பதின்மூன்று கிழமையிலேயே ஸ்கேனில் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். நேரத்துக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் ராத்தாவுக்கும் மச்சானுக்கும் யோசிக்க, அழ, தொழ, ஆலிமிடம் கேட்க ஐந்தாறு கிழமை கிடைத்திருக்கும். அதற்குள் அவர்கள் பிள்ளையைச் சுமக்கவே முடிவெடுத்திருக்கலாம். அதுவும் ஒரு முடிவு.

ஆக ராத்தாவை இரண்டு சுவர் தடுத்தது. ஒன்று சட்டம். மற்றது ஆலங்குடாவுக்கும் ஸ்கேன் மெஷினுக்கும் நடுவில் இருக்கிற பஸ் காசும் கூலி நாளும். இரண்டாவது சுவரை உடைக்க எந்த மதத்தலைவரும் எதிர்ப்புச் சொல்லப்போவதில்லை. அதையாவது செய்திருக்கலாமே.

பாவமும் குற்றமும்

இந்து தர்ம நூல்களிலும் கருவை அழிப்பது பெரும் பாவம். பௌத்தத்தில் உயிர்க்கொலை தவிர்த்தல் முதல் சீலம். எல்லா மதமும் இதை இலேசாக எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. வயிற்றிலிருப்பது வெறும் சதைத் துண்டு என்று பேசுகிறவர்களோடு எங்கட குழுவில் பெரும்பாலானவர்களுக்கு உடன்பாடு இல்லை. உம்மும்மாவின் அமானத்து என்ற சொல்லில் ஒரு கனம் இருக்கிறது.

ஆனால் வட்டியை எடுத்துப் பாருங்கள். மார்க்கத்தில் வட்டி எவ்வளவு பெரிய பாவம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கட ஊர்ப் பெண்கள் நுண்கடன் கம்பனிகளில் வட்டிக்குக் கடன் எடுக்கிறார்கள். அவர்களைப் பொலிஸில் பிடித்துக் கொடு என்று எந்தப் பள்ளிவாசலும் கேட்டதில்லை. ஏன்? அந்தப் பெண் ஏன் வட்டிக்குப் போனாள் என்று எங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போனவர் வெறுங்கையோடு வந்ததும் பிள்ளையின் பாடசாலைச் செலவும் எங்கட கண்ணுக்கு முன்னால் நடந்தவை. பாவத்தைப் பாவம் என்றே சொல்லிக்கொண்டு, பாவத்துக்குத் தள்ளப்பட்டவளுக்கு இரக்கம் காட்டுகிற புத்தி எங்கட ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இந்த விஷயத்துக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

உம்மும்மாவிடம் திரும்பப் போனோம். "சரி உம்மும்மா, அமானத்துதான். அப்ப ராத்தா போய்ச் செஞ்சிருந்தா மூணு வருஷம் மறியல்ல போடலாமா?" என்று கேட்டோம். எங்களை ஒரு மாதிரிப் பார்த்தா. "பாவத்த அல்லாஹ் பார்த்துக்குவான். எண்ட பேத்தியப் பொலிசுல குடுக்கவா நீங்க கேக்கிறீங்க?" என்றா.

எங்கட கட்டுரை முழுக்கச் சொல்ல வருவது அவ்வளவுதான். அதை அவ ஒரு வசனத்தில் சொல்லிவிட்டா.

சட்டம் யாரைப் பிடிக்கிறது

தடை இருப்பதால் கருக்கலைப்பு நிற்கவில்லை. 2017 விவாதத்தின்போது நாடு முழுக்க ஒரு நாளைக்கு 658 என்ற மதிப்பீடு திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. மறைவில் நடப்பதை யாரும் சரியாக எண்ண முடியாது, அதனால் அதை மதிப்பீடாகவே எடுங்கள். பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு நாளும் முந்நூறுக்கு மேல்.

அவர்களில் வசதியுள்ளவள் இந்தியாவுக்கு டிக்கெட் போடுவாள். வசதியில்லாதவள் யாரோ தந்த மாத்திரையை எந்த அளவு என்றும் தெரியாமல் விழுங்குவாள், அல்லது பின்கதவு வழியாக யாரிடமாவது போவாள். ரத்தம் நிற்காமல் போனாலும் காய்ச்சல் கொதித்தாலும் பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். பாதுகாப்பற்ற கருக்கலைப்பு இந்த நாட்டில் தாய்மார் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாகத் தொடர்ந்து இருந்து வருகிறது. இவ்வளவு நல்ல இலவசச் சுகாதார சேவை இருக்கிற நாட்டில்!

இதை வாசிக்கிற தங்கச்சிமாருக்கும் ராத்தாமாருக்கும் ஒரு வார்த்தை. எப்படிக் கரு கலைந்திருந்தாலும், ரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்கேலாத வயிற்றுவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நிலையில் உங்களுக்குச் சிகிச்சை தருவது குற்றமில்லை, அது டொக்டரின் கடமை.

சட்டத்தின் இன்னொரு மூலையையும் பார்த்தோம். பதினாறு வயசுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாலும் அது வன்புணர்வு. ஆனால் அதே 363ஆம் பிரிவில், அவள் பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்ட மனைவியாக இருந்து, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாமலும் இருந்தால் அது குற்றமில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயசு என்று ஒன்றை வைக்கவில்லை. மற்றச் சமூகங்களுக்கு அது 18. ஆகவே நாளைக்கு வன்புணர்வுக்கு விதிவிலக்கு என்று சட்டம் வந்தாலும், சின்ன வயசில் கட்டிக்கொடுக்கப்பட்ட எங்கட சமூகத்துப் பிள்ளை ஒருத்தி அதற்கு வெளியே நிற்க வேண்டி வரலாம். கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிற கொழும்புக் கூட்டங்களில் இது கவனிக்கப்பட வேண்டும். முஸ்லிம் விவாகச் சட்டத் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிற எங்கட கூட்டங்களிலும்தான்.

எதிர்த்தரப்பின் மூன்று கேள்விகள்

"பொய்யா ரேப் என்டு சொல்லிட்டு வருவாங்களே?" எங்கட ஊர்களில் உண்மையாக நடந்ததையே வெளியில் சொல்ல ஒரு பெண்ணுக்கு எத்தனை வருஷம் எடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதோடு, வழக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொன்னால் பிள்ளை பாடசாலைக்கே போய்விடும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் பெண்ணின் முறைப்பாடும் போதும் என்றுதான் வைக்கவேண்டி வரும்.

"இன்டைக்கு ரெண்டு காரணம் என்பீங்க, நாளைக்கு இருபது காரணம் வரும்." இந்தியாவில் பெண்சிசுவைக் கண்டுபிடித்துக் கலைத்த கொடுமை நடந்தது, அதைத் தடுக்க 1994இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அதனால் இந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கமாட்டோம். ஆனால் கதவை எவ்வளவு திறப்பது, யார் காவல் நிற்பது என்பதைச் சட்டத்திலேயே எழுதலாம். இந்தியாவும் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான் தடுத்தது. 1971 சட்டத்தைத் தூக்கி எறியவில்லை.

மூன்றாவது கேள்வி எங்களுக்குள்ளேயே வந்தது. எங்களில் ஒருவனின் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். "குறைபாடு என்டு சொல்லிச் சொல்லி எண்ட தம்பி மாதிரி ஆக்களே பிறக்கக்கூடாதுன்டு முடிச்சிருவீங்களா?" என்று கேட்டான். அன்றைக்குக் கூட்டம் அத்தோடு முடிந்தது. அவன் கேட்டது நியாயம். அதனால்தான் 2017 வரைவில் இருந்த எல்லையை, "பிறந்தாலும் உயிர்வாழ முடியாத" என்ற அந்த எல்லையை, நாங்க முக்கியமாகப் பிடித்துக்கொள்கிறோம். வாழக்கூடிய பிள்ளை வேறு, வாழவே வழியில்லாத பிள்ளை வேறு. அந்த இரண்டையும் கலந்து பேசுகிற யாரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

அமெரிக்கா இல்லை, அயர்லாந்தைப் பாருங்கள்

எங்கட வயசுக்காரர்களுக்கு இந்த விவாதம் அமெரிக்காவிலிருந்து ரீல்ஸ் ஆகத்தான் வருகிறது. 1973இல் அங்கே உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமையை அதே நீதிமன்றம் 2022 ஜூன் 24இல் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். நாங்களும் அந்தக் கோஷத்தை இங்கே கொண்டுவந்து கத்துகிறோம். எங்கட நாட்டில் கேட்கப்பட்டது அதைவிட எவ்வளவோ சின்னது. அதுவே கிடைக்கவில்லை.

அயர்லாந்தின் கதை எங்களுக்குக் கிட்ட இருக்கிறது. நம்பிக்கை ஆழமாக ஊறிய கத்தோலிக்க நாடு, பழைய பிரித்தானியச் சட்டம். 2012 ஒக்டோபரில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் வைத்தியர் பதினேழு கிழமைக் கரு கலையத் தொடங்கிய நிலையில் அங்குள்ள ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தது. கருவை அகற்றச் சொல்லிக் கேட்டார். இதயத்துடிப்பு இருக்கும்வரை முடியாது என்றார்கள். கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பரவி இறந்துபோனார். வயது 31. 2018 மே 25ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 66.4 வீதமானவர்கள் அரசியலமைப்பிலிருந்த தடையை நீக்க வாக்களித்தார்கள். அவர்களெல்லாம் அன்றைக்கு மதத்தை விட்டுவிட்டவர்கள் இல்லை. கோயிலுக்குப் போகிற எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள்.

எங்கே வந்து நிற்கிறோம்

எங்களுக்குள் முழு உடன்பாடு இன்னும் இல்லை. ஏழு பேரில் இரண்டு பேர் ஆரம்பக் கிழமைகளில் முடிவு முழுக்கப் பெண்ணுடையதாக இருக்கவேண்டும் என்கிறார்கள். தலவிலத் தோழி எந்தக் காரணத்துக்காகவும் தான் செய்யமாட்டேன் என்கிறாள். "ஆனா செஞ்சவள மறியலுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடச் சொன்னா, போடமாட்டன்" என்றும் சொல்கிறாள்.

மூன்று விஷயத்தில் ஏழு பேரும் ஒன்றாக நிற்கிறோம். கருக்கலைத்த பெண்ணை எந்தச் சந்தர்ப்பத்திலும் சிறையில் போடக்கூடாது. 2017இல் கைவிட்ட அந்த இரண்டு காரணத்தையும், குறைந்தபட்சம் அவற்றையாவது, சட்டம் ஏற்கவேண்டும். ஆலங்குடா போன்ற ஊர்களிலுள்ள ஒவ்வொரு தாய்க்கும் பதின்மூன்றாவது கிழமைக்குள் ஒரு ஸ்கேன் செலவில்லாமல் கிடைக்கவேண்டும்.

உங்கட வீட்டில் இதைப் பேசிப் பாருங்கள். பாவமா என்று கேட்டு நிறுத்தாமல், மறியலில் போடலாமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பதில் எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள்.

கடைசியாக ராத்தாவிடம் ஒன்று கேட்டோம். "சட்டம் இடம் குடுத்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?" நாங்க எதிர்பார்த்த பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தா.

"தெரியா. அந்த நாப்பது நிமிஷம் அவன் எண்ட கைல இருந்தான். அது இல்லாமப் போயிருக்கணும்டு எனக்குச் சொல்ல ஏலாது. ஆனா அந்தப் பதினஞ்சு கிழமையும் ஒவ்வொரு நாளும் நான் எப்படி இருந்தனென்டும் எனக்குத்தான் தெரியும். நான் என்ன செஞ்சிருப்பனோ... யாரும் என்னயக் கேக்கவே இல்லயே."